சுழல்நீர்த் தொட்டி மருத்துவம்

சுழல்நீர்த் தொட்டி மருத்துவம் என்பது, மோட்டாரால் சுழன்றும் காற்றுக் குமிழிகளோடு பீறிட்டும் ஓடும் நீரில் கை, கால் அல்லது முழு உடலையும் அமிழ்த்திச் செய்யப்படும் இயன்முறை சிகிச்சை. பிசியோதெரபி துறையினர் இதை ‘வேர்ல்பூல்’ என்றே சொல்வார்கள். இறுகிய மூட்டைத் தளர்த்துதல், தசைப்பிடிப்பைக் குறைத்தல், மாவுக்கட்டு பிரித்தபின் விறைத்துக் கிடக்கும் மணிக்கட்டையும் கணுக்காலையும் அசைக்கப் பழக்குதல் ஆகியவை இதன் முதன்மைப் பயன்கள். முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகப் புண்களைக் கழுவவும் இதே தொட்டிதான் பயன்பட்டது. அந்தப் பயன்பாடு இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. ஏன் கைவிடப்பட்டது என்பதே இச்சிகிச்சையின் வரலாற்றில் நோயாளி அறிந்துகொள்ள வேண்டிய பகுதி.

நீரால் நோய் தீர்க்கும் முறைக்கு 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் புதுவாழ்வு தந்தவர்கள் இருவர். இன்றைய செக் நாட்டில் உள்ள கிரேஃபன்பர்கில் குளிர்நீர் மருத்துவம் செய்த உழவர் வின்சென்ட்ஸ் பிரீஸ்னிட்ஸ் (1799–1851) ஒருவர். பவேரியப் பாதிரியார் செபாஸ்டியன் நைப் (1821–1897) மற்றவர். அமெரிக்காவில் சைமன் பரூக்கும் ஜான் ஹார்வி கெல்லாக்கும் இதை மருத்துவக் கல்விக்குள் கொண்டுவர முயன்றார்கள். கெல்லாக்கின் பெருநூல் 1901-இல் வெளிவந்தது. இவர்கள் நம்பியதெல்லாம் நீரின் சூட்டையும் குளிர்ச்சியையும்தான். நீரை எந்திரத்தால் சுழற்றும் எண்ணம் போர்க்களத்தின் பின்புறத்தில் பிறந்தது.

முதல் உலகப்போரில் குண்டும் சிதறலும் தாக்கி உயிர்பிழைத்தவர்களின் கைகால்கள் தழும்பேறி, வீங்கி, தொட்டாலே வலிக்கும் நிலையில் இருந்தன. பிசைந்துவிடவோ மடக்கிப் பயிற்சி தரவோ முடியவில்லை. பிரெஞ்சு ராணுவ மருத்துவமனைகளில், வெதுவெதுப்பான நீரை விடாமல் ஓடவிட்ட தொட்டியில் அந்த உறுப்பை வைத்தபோது வலி தணிந்தது. அதன்பின் பயிற்சியைத் தொடங்க முடிந்தது. இங்கிலாந்தில் ராபர்ட் ஃபோர்டஸ்க்யூ ஃபாக்ஸ் இம்முறையைப் பரப்பினார். ஊனமுற்ற போர்வீரர்களுக்கான இயற்பியல் மருத்துவம் பற்றிய அவருடைய நூல் 1917-இல் வந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுழல்நீர் அப்போது சிகிச்சையின் முடிவாக இருக்கவில்லை, பயிற்சிக்கு முன்னேற்பாடாகவே இருந்தது. பிற்காலத்தில் அது தனிச்சிகிச்சையாக வளர்ந்தபோதுதான் தொல்லைகளும் வளர்ந்தன.

1920-களில் அமெரிக்காவில் ஹப்பார்ட் என்பவரின் பெயரால் ஒரு பெருந்தொட்டி புழக்கத்துக்கு வந்தது. படுத்த நிலையில் நோயாளி கைகால்களை விரிக்க இடம் இருக்கும். இடுப்புப் பக்கம் குறுகியிருப்பதால் சிகிச்சையாளர் வெளியே நின்றபடியே எட்டிப் பிடிக்கலாம். ஏறத்தாழ 1,600 லிட்டர் நீர் கொள்ளும். நடக்க முடியாதவர்களைச் சங்கிலித் தூக்கியில் கிடத்தி இறக்குவார்கள். அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் எலும்பு மருத்துவமனையில் சார்லஸ் லோமன் போலியோ குழந்தைகளுக்கு நீருக்குள் பயிற்சி தரத் தொடங்கினார். போலியோவால் கால்கள் செயலிழந்த, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1924-இல் ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸுக்குப் போனதும், சுமார் 31 டிகிரி செல்சியஸ் வெந்நீரூற்றில் பயின்றதும் இத்துறைக்குப் பெரிய விளம்பரமாயின. கழுத்தளவு நீரில் நிற்பவரின் கால்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாங்கினால் போதும். வலுவிழந்த கால்கள் நீருக்குள் நடப்பது அதனால்தான்.

மருத்துவமனைத் தொட்டி வீட்டுக்கு வந்த கதை ஒரு தகப்பனின் தவிப்பிலிருந்து தொடங்குகிறது. வட இத்தாலியிலிருந்து கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்குக் குடியேறிய ஜக்கூசி சகோதரர்கள் முதலில் விமான உந்துவிசிறி செய்தவர்கள். அவர்களில் ஒருவர் 1921-இல் விமான விபத்தில் இறந்தபின் குடும்பம் விமானத்தை விட்டு, உழவர்களுக்கு நீரேற்றும் பம்புகள் செய்யத் திரும்பியது. இளையவரான கான்டிடோவின் மகனுக்குப் பிள்ளைப் பருவத்திலேயே முடக்குவாதம். மருத்துவமனையில் தரும் சுழல்நீர்ச் சிகிச்சையால் குழந்தையின் வலி குறைவதைக் கண்ட குடும்பம், வீட்டுக் குளியல் தொட்டியில் இறக்கி வைக்கத்தக்க ஒரு பம்பைச் செய்தது. அது 1956-இல் விற்பனைக்கு வந்தது. 1968-இல் ராய் ஜக்கூசி பீச்சுகுழாய்களைத் தொட்டியின் சுவரிலேயே பதித்தார். அதன்பின் உல்லாசக் குளியலும் மருத்துவமும் ஒரே பொருளாகப் பொதுமக்கள் மனத்தில் கலந்துபோயின. அந்தக் கலப்பு நல்லதில்லை. உடல்நலத்தோடு இருப்பவர் களைப்பாற இறங்கும் நீர் வேறு. நரம்போ இதயமோ ரத்தக்குழாயோ பழுதுபட்டவரை இறக்கும் நீர் வேறு.

நீரின் ஆபத்துகளில் முதலில் நிற்பது சூடு. ஹார்வர்டில் மோரிட்ஸும் ஹென்ரிக்ஸும் 1947-இல் வெளியிட்ட ஆய்வு, 49 டிகிரி நீர் சில நிமிடங்களிலும் 60 டிகிரி நீர் சில நொடிகளிலும் தோலை வேகவைத்துவிடும் என்று காட்டியது. அதனால் கை அல்லது காலை மட்டும் வைக்கும் தொட்டியில்கூட வழக்கமாக 37 முதல் 40 டிகிரிக்குள் நிறுத்துவார்கள். முழு உடலும் இறங்கும்போது 38-ஐத் தாண்டவிடுவதில்லை, ஏனெனில் வியர்த்துச் சூட்டை வெளியேற்ற உடலுக்கு அப்போது இடமே இருக்காது. புதிய சுளுக்குக்கு வெந்நீர் கூடாது. 13 முதல் 18 டிகிரிக் குளிர்நீரே பொருந்தும். அளப்பதற்கு வெப்பமானிதான் வேண்டும். சிகிச்சையாளரின் விரல் போதாது, நோயாளியின் கால் அறவே போதாது.

இந்தக் கடைசிச் சொல்லுக்குத் தமிழ்நாட்டோடு உண்மையான தொடர்பு உண்டு. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டும் வெட்டுப்பட்டும் தேய்ந்தும் அழிகின்றன என்று நிறுவினார். 1966-க்குப்பின் அமெரிக்காவின் கார்வில்லில் பணியாற்றிய அவர், அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் மரத்துப்போன பாதங்களுக்கும் பொருத்திக் காட்டினார். மரத்த பாதத்துக்கு வெந்நீர் என்பது தீயோடு ஒப்பிடத்தக்க அபாயம். ரத்த ஓட்டம் குறைந்த காலுக்கோ, சூடு ஏற ஏறத் திசுக்கள் கேட்கும் உயிர்வளியை அந்த ஒடுங்கிய குழாய்களால் கொடுக்க முடியாது.

இதயத்தின் நிலைமையும் எளிதன்று. கழுத்துவரை அமிழ்ந்தால் சுமார் 700 மில்லிலிட்டர் ரத்தம் கைகால்களிலிருந்து மார்புக்குத் தள்ளப்படுகிறது. ஏற்கெனவே தளர்ந்த இதயம் இந்தக் கூடுதலைத் தாங்காமல் போகலாம். காலைத் தொங்கவிட்டு வெதுவெதுப்பான நீரில் வைத்திருந்தாலே வீக்கம் கூடும் என்பது அளந்து கண்ட உண்மை. காலில் சிரைப்புண் உள்ளவர்களுக்கு வேர்ல்பூல் ஆகாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

இனிப் புண்களின் கதை. தீக்காயத்தின் இறந்த தோலை நீரில் ஊறவைத்துக் களைவது நெடுங்காலம் அன்றாட வேலையாக இருந்தது. 1994-இல் வட அமெரிக்கத் தீக்காய மையங்களில் எடுத்த கணக்கெடுப்பில் மிகப் பெரும்பாலானவை இன்னும் அதையே செய்துகொண்டிருந்தன. ஆனால் நீர்ப்பீச்சு இறந்த சதையையும் புதிதாய் முளைக்கும் சதையையும் பிரித்தறியாது. கலக்கும் கிருமிநாசினியும் அப்படியே. அதைவிடக் கொடியது சூடோமோனாஸ் என்னும் கிருமி. ஈரம் தங்கும் குழாய்க்குள்ளும் மோட்டாரின் துளைகளுக்குள்ளும் பிசின்போலப் படர்ந்து, அடுத்த நோயாளியின் புண்ணுக்கு ஏறிக்கொள்ளும். கனடாவின் எட்மன்டன் தீக்காயப் பிரிவினர் தொட்டிக் குளியலை நிறுத்தியபின் அந்தத் தொற்றும் அதனால் நேர்ந்த இறப்புகளும் குறைந்தன என்று 1992-இல் எழுதினார்கள். தொட்டிக்கு மாற்றாக வந்த விட்டுவிட்டுப் பீச்சும் கருவியும் குற்றமற்றதாக இல்லை. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2003-இல் அது வழியாக, மருந்துக்கு அடங்காத அசினெட்டோபாக்டர் பரவியது. ஆக, சிதறும் நீர்த்துளிதான் பகை. பாத்திரத்தின் வடிவம் இரண்டாம் பட்சம். 1999-இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் மலர்க்கண்காட்சியில் காட்சிக்கு வைத்திருந்த சுழல்நீர்த் தொட்டியிலிருந்து லெஜியோனெல்லா கிருமி காற்றில் கலந்து முப்பது பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் தொட்டியைத் தொட்டதுகூட இல்லை.

இவற்றின்மேல்தான் இன்றைய விதிகள் எழுந்தன. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 2003 வழிகாட்டுதல், ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் தொட்டியைக் காலிசெய்து தூய்மை செய்யவேண்டும் என்றும், சிறு தொட்டிகளின் நீரில் பத்து லட்சத்துக்கு 15 பங்கு குளோரின் நிற்கவேண்டும் என்றும் சொல்கிறது. கிருமிநாசினி கலந்த நீரை மோட்டாரை ஓடவிட்டே உட்குழாய்களில் சுழற்றவேண்டும். தொட்டியை மட்டும் துடைத்தால் வேலை பாதிதான். நீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால் 30 மில்லிஆம்பியருக்கே துண்டித்துக்கொள்ளும் மின்கசிவுத் தடுப்பான் இல்லாத இணைப்பில் இக்கருவியை ஓட்டக்கூடாது. நீருக்குள் இருப்பவர் சுவிட்சைத் தொடவும் கூடாது. மோட்டாரை நீரில்லாமல் ஓட்டினால் கருவி கெடும் என்பதைப் பணியாளர் எல்லாரும் அறிவார்கள். ஆள் இல்லாமல் நோயாளியை விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதையும் அதே அளவு அறிந்திருக்கவேண்டும்.

2014-இல் அமெரிக்க இயன்முறை மருத்துவச் சங்கம், தேவையற்ற சிகிச்சைகளைத் தவிர்க்கச் சொன்ன தன் பட்டியலில் புண் மேலாண்மைக்கு வேர்ல்பூலைப் பயன்படுத்தாதீர்கள் என்று வெளிப்படையாக அறிவித்தது. ஒரு துறை தன் பழைய நம்பிக்கைக்குரிய கருவியைத் தானே விலக்கிவைப்பது பாராட்டத்தக்க நேர்மை. மூட்டையும் தசையையும் தளர்த்தும் பணி வேர்ல்பூலின் கையில் இன்னும் இருக்கிறது. அதற்கு 10 முதல் 20 நிமிடம் போதும். அதன்பின் உடனே பயிற்சி தொடரவேண்டும்.

இச்சிகிச்சைக்குப் போகிறவர்கள் சர்க்கரை நோய், பாத மரமரப்பு, இதயக்கோளாறு, வலிப்பு, ஆறாத புண் எதுவாயினும் தொட்டியில் இறங்குமுன் சொல்லிவிடுங்கள். வெப்பமானியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.