எண்பதாம் ரேகையில் ஒரு பாதை

தேசப்படத்தை விரித்து, கொழும்பை அடுத்த இரத்மலானையையும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள பலாலியையும், சென்னை மீனம்பாக்கத்தையும் தேடிப் பார்ப்பவருக்கு, இம்மூன்று விமானத் தளங்களும் 80 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி, நூல் பிடித்து வைத்தாற்போல் தெற்கு வடக்காக நிற்பது வியப்பாயிருக்கும். இரத்மலானையிலிருந்து பலாலி ஏறத்தாழ 330 கிலோமீட்டர். பலாலியிலிருந்து மீனம்பாக்கம் ஏறத்தாழ 355. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் உபயோகத்துக்கென்று எழுந்த பலாலித் தளம், சமாதானம் வந்த பின் பிரயாணிகளுக்கு இவ்வளவு பொருத்தமான நடுவழியாக வாய்க்குமென்று அதை அமைத்தவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஏர் சிலோன் ஸ்தாபனத்தின் முதல் விமானம், இலங்கை சுதந்திரம் அடைவதற்கு இரண்டு மாதங்கூட இல்லாதபோது, 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறைக்கு அருகிலுள்ள இப்பலாலியில் இறங்கி, பின்னர் சென்னை சேர்ந்தது. அந்த டக்கோட்டாவுக்குச் சூட்டியிருந்த பெயர் 'சீதாதேவி'. இலங்கையிலிருந்து வடக்கே கடல் கடந்து போகும் ஆகாய ஊர்திக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. ஆனால் புஷ்பக விமானத்தின் வேகம் டக்கோட்டாவுக்கு ஏது? மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர் செல்லும் அது, பலாலியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

அதன் அருமை அதுவரை இருந்த மார்க்கத்தை அறிந்தவர்க்கே விளங்கும். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் சுமார் 22 மைல் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் ரயில் ஏறவேண்டும். யாழ்ப்பாணத்தாருக்கோ இன்னும் ஒரு சங்கடம்: அந்த ரயில் தென்கிழக்கே மதவாச்சிவரை கொண்டுபோய்விடும், அங்கே வண்டி மாறி வடக்கே திரும்பினால்தான் ஊர். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற அந்தப் பிரயாணத்தை, சோற்று மூட்டையும் படுக்கையுமாகத் தலைமுறைகள் செய்து பழகியிருந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது.

திருச்சிராப்பள்ளியோ இன்னும் சமீபம். பலாலியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 185 கிலோமீட்டர். அதாவது கொழும்புக்குள்ள தூரத்தில் பாதியைச் சற்றே தாண்டும். ஏர் சிலோன் விமானங்கள் அந்த வழியிலும் பறந்தன.

1983-க்குப் பின் மூண்ட யுத்தத்தில் பலாலி ராணுவத் தளமாயிற்று; சுற்றுப்புறக் கிராமத்தார் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. சென்னைக்குப் போகவேண்டிய யாழ்ப்பாணத்தார் முதலில் நேர் எதிராகத் தெற்கே கொழும்புக்குச் சென்று, அங்கிருந்து தம் ஊர்த் திசையிலேயே திரும்பிப் பறந்தார்கள். 355 கிலோமீட்டர் என்பது அக்காலத்தில் காகிதக் கணக்கு.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. மறு ஆண்டு மார்ச்சில் கொள்ளை நோயால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. இவ்வழியில் வந்த ஏ.டி.ஆர். விமானம் டக்கோட்டாவைப்போல் ஏறத்தாழ இருமடங்கு வேகமுடையது; தூரத்தை வேகத்தால் வகுத்தால் முக்கால் மணியே வரும். அட்டவணையிலோ ஒரு மணிக்கு மேல் போட்டிருக்கிறார்கள். ஓடுபாதையில் ஊர்ந்து, உயர ஏறி, வரிசையில் காத்து, தாழ இறங்குவதற்கு அந்த மிச்சம் போய்விடுகிறது. குடியகல்வுச் சோதனையும் சுங்கமும் தனிக்கணக்கு.