சர் வில்லியம் மேயர் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள்

சர் வில்லியம் மேயர் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் என்பவை சென்னைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்தப்பட்ட ஆய்வுச் சொற்பொழிவுகள் ஆகும். அறிஞர் ஒருவர் ஒரே பொருளைப் பற்றித் தொடர்ச்சியாக உரையாற்றுவதும், அவ்வுரைகள் பின்னர் பல்கலைக்கழக வெளியீடாக நூல்வடிவம் பெறுவதும் உண்டு. தென்னிந்திய வரலாற்றில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் நூல்கள் சில இவ்வாறு உருவானவை.

பெயர்

சர் வில்லியம் ஸ்டீவன்சன் மேயர் (1860–1922) சென்னை மாகாணத்தில் பணியாற்றிய இந்தியக் குடிமைப்பணி அதிகாரி. இம்பீரியல் கெசட்டியரின் பதிப்பாசிரியர்களுள் ஒருவர். 1913 முதல் 1918 வரை இந்திய அரசின் நிதி உறுப்பினராகவும், 1920 முதல் இலண்டனில் இந்தியாவுக்கான முதல் உயர் ஆணையராகவும் இருந்தார்.

தொடக்ககாலச் சொற்பொழிவுகள்

பல்கலைக்கழகத்தின் இந்திய வரலாறு, தொல்லியல் துறை 1914 இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் பேராசிரியரான ச. கிருஷ்ணசாமி அய்யங்கார் 1929 இல் ஓய்வு பெற்றார். அதனைத் தொடர்ந்து 1929–30 ஆம் ஆண்டுக்கான சொற்பொழிவுகளை அவரே நிகழ்த்தினார். தென்னிந்தியாவில் இந்து ஆட்சி அமைப்புகளின் வளர்ச்சி என்பது பொருள். நூல் 1931 இல் வெளிவந்தது. சைமன் குழு வந்து சென்று, இந்தியர் தம்மைத் தாமே ஆளவல்லவரா என்னும் விவாதம் நடந்துகொண்டிருந்த காலம் அது. எனவே பழைய ஊராட்சி அவைகளைப் பற்றிய பேச்சு வெறும் பழம்பெருமை ஆகாது. தாம்பரத்திற்குத் தெற்கே, செங்கல்பட்டையும் கடந்து உள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகனின் 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. வாரிய உறுப்பினர்க்கு 35 முதல் 70 வரை வயது, வரி செலுத்தும் நிலம், சொந்த மனை ஆகியவை தேவை. கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். ஆயினும் அது பிராமணர் ஊரான சதுர்வேதிமங்கலத்தின் சபை என்பதை இதனைப் புகழ்வோர் பலர் குறிப்பிடுவதில்லை.

ஸ்ரீவிஜயம்

இவற்றுள் மிகவும் அறியப்பட்டது கே. ஏ. நீலகண்ட சாத்திரி 1946–47 ஆம் ஆண்டுக்கு நிகழ்த்திய ஸ்ரீவிஜய வரலாறு ஆகும் (நூல்: 1949). சுமத்திராவை நடுவமாகக் கொண்டிருந்த இக்கடல் அரசு நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. கல்வெட்டில் காணப்பட்ட ஸ்ரீவிஜயம் என்னும் சொல் ஓர் அரசனின் பெயர் என்றுகூடக் கருதப்பட்டது. அது ஒரு நாட்டின் பெயர் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதே 1918 இல் நிறுவினார். தமிழ்ச் சான்றுகள் இதற்கு இன்றியமையாதவை. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி 1025 ஆம் ஆண்டளவில் நடந்த கடற்படையெடுப்பில் தாக்கப்பட்ட ஊர்களை வரிசையாகக் கூறுகிறது. லெய்டன் செப்பேடுகள் என்னும் ஆனைமங்கலச் செப்பேடுகளோ அதே அரசமரபினர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்திற்கு முதலாம் இராசராசன் நிலம் அளித்ததைத் தெரிவிக்கின்றன. நட்பு பகையாக மாறியது ஏன் என்பது இன்றும் ஆய்வாளரிடையே விவாதிக்கப்படும் கேள்வியாகும். சாத்திரி இப்பொருள் பற்றி 1940 இலேயே தூரகிழக்குக்கான பிரெஞ்சுப் பள்ளியின் இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தார்.

பிற

1948–49 ஆம் ஆண்டுக்கு, சென்னை நகர வரலாற்றை எழுதிய சி. எஸ். சீனிவாசாச்சாரி, ஆங்கிலேயர் இந்திய நாடுகளை இணைத்துக்கொண்டதன் உள்நோக்கு குறித்து உரையாற்றினார். விடுதலைக்குப் பின் ஓராண்டிலேயே இத்தலைப்பு எடுக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது.

மொழி

மேற்கூறிய மூன்று நூல்களும் ஆங்கிலத்தில் அமைந்தவை. கல்வெட்டு மூலங்களுள் பல தமிழிலேயே இருந்தபோதிலும், ஆங்கிலம் அறியாத தமிழ் வாசகர் அவற்றைப் பற்றிய ஆய்வை நேரடியாகப் படிக்க இயலவில்லை.