'துலுக்கர்' என்றால் துருக்கியரா? ராவுத்தர் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கு?

சென்னையிலிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில், ஈசிஆர் ஓரமாக இருக்கிறது கோவளம் தர்கா. நபிகள் நாயகத்தின் தோழர் தமீமுன் அன்சாரி இங்கே அடங்கியிருக்கிறார் என்பது நம்பிக்கை. அதாவது அரபு தேசத்திலிருந்து கடல் கடந்து வந்தவர். ஆனால் ஊர்ப் பேச்சில் தமிழ் முஸ்லிம்களுக்கு ஒட்டிக்கொண்ட பெயரோ 'துலுக்கர்'. துருக்கர் என்பதன் திரிபு இது. அரபு எங்கே, துருக்கி எங்கே?

டெல்லியை ஆண்ட கில்ஜி, துக்ளக் வம்சங்கள் துருக்கிய வழி வந்தவை. 1311-ல் மாலிக் கபூர் படை மதுரை வரை வந்தது. அதன்பிறகு அங்கே சுல்தான்கள் ஆட்சியும் நடந்தது. அப்படியே எல்லா முஸ்லிம்களும் 'துலுக்கர்' ஆகிவிட்டார்கள். இதில் வேடிக்கை, மாலிக் கபூரே துருக்கியர் கிடையாது. குஜராத்தில் பிடிபட்ட அடிமை. இன்னும் பின்னால் போனால், 12-ம் நூற்றாண்டில் காஷ்மீரின் கல்ஹணர், பௌத்தத்தை ஆதரித்த குஷாண மன்னர்களையே 'துருஷ்கர்' என்கிறார். ஆக, ஆரம்பத்தில் இது மதத்தின் பெயரே இல்லை.

சரி, ராவுத்தர்கள்?

'நாங்கள் துருக்கியக் குதிரை வீரர்களின் வாரிசு' என்று சொல்லும் ராவுத்தர்கள் இன்றும் உண்டு. அவர்கள் காட்டும் ஆதாரங்கள் மூன்று. ஒன்று, கடலோர மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி. ராவுத்தர்கள் துருக்கியர்களைப் போல ஹனஃபி. இரண்டு, மரைக்காயர் வீட்டில் அப்பாவை 'வாப்பா' என்பார்கள், ராவுத்தர் வீட்டில் 'அத்தா'. துருக்கியில் 'அதா' என்றால் தந்தை. மூன்றாவது, ராவுத்தர் என்ற பெயரே குதிரை வீரரைக் குறிப்பது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 'அத்தன்' என்றால் தந்தை என்பது தேவாரக் காலத்திலேயே இருக்கும் தமிழ். 'ராவுத்தர்' துருக்கியச் சொல்லும் இல்லை. வடமொழி 'ராஜபுத்திர' என்பதிலிருந்து வந்தது என்பார்கள். 15-ம் நூற்றாண்டு அருணகிரிநாதர், மயிலேறும் முருகனையே ராவுத்தன் என்று கூப்பிடுகிறார். செஞ்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மனுக்குக் காவலாக நிற்பதும் முத்தால ராவுத்தர்தான்! ஹனஃபி வழியோ இந்திய முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றுவது. அதை வைத்து வம்சம் சொல்ல முடியாது.

சில துருக்கிய வீரர்கள் இங்கே தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்திருக்கலாம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு சமூகமே அங்கிருந்து கிளம்பி வந்தது என்று சொல்ல இந்த மூன்றும் போதாது. இந்தப் பெருமைக் கதையையே திருப்பிப் போட்டு, 'அப்போ நீங்க வந்தேறிதானே' என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். 'துலுக்கன்' என்பது இன்று பல இடங்களில் வசைச்சொல்லாகவே காதில் விழுகிறது.

தமிழக அரசு 2007-ல் முஸ்லிம்களுக்கு 3.5% உள்ஒதுக்கீடு கொடுத்தபோது, பட்டியலில் இந்த மூன்று பெயரும் ஒரே வரியில் வந்தன: ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பை. தமிழ் பேசினாலும் சரி, உருது பேசினாலும் சரி. சாதிச் சான்றிதழுக்குப் போனால், தாத்தா எந்த நாட்டிலிருந்து வந்தார் என்ற கேள்வி அதில் இல்லை.