இரும்புக் கையும் சித்தப்பாவின் கையும்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஆம்பூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் அவனை முதன்முதலாகச் சந்தித்தேன். எடைக்கு வந்த கட்டு ஒன்றில் 'முத்து காமிக்ஸ்' புத்தகம் ஒன்று கிடந்தது. பிரித்தால், ஓர் இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் துப்பாக்கி பிடித்துக்கொண்டிருந்தது, ஆளைக் காணோம்!

இரும்புக்கை மாயாவியை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். நம்மவன் போலவே ஆகிவிட்டான் என்றாலும் அவன் பிறந்தது இங்கிலாந்தில். 1962-இல் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் லூயிஸ் கிராண்டல் என்ற பெயரில் தோன்றினான். கதையைத் தொடங்கியவர் கென் புல்மர். தொடர்ந்தவர் டாம் டல்லி. படம் வரைந்தவர் ஸ்பெயின் தேசத்து ஹெசூஸ் பிளாஸ்கோ. கிராண்டல் ஒரு பரிசோதனைச் சாலையில் உதவியாளன். விபத்தில் வலது கை போயிற்று. இரும்புக் கை வந்தது. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கையைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும். 1972-இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' தொடங்கியபோது, முதல் இதழே இவன் கதைதான்.

என் சித்தப்பா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். தோலைச் சீவி ஒரே கனத்துக்குக் கொண்டுவரும் மிஷினில் அவருடைய வலது கை விரல்கள் இரண்டு போய்விட்டன. சில மாதங்கள் வீட்டோடு கிடந்தார். ஒரு நாள் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இவனுக்குக் கை மட்டும் தெரியுது, ஆள் மறைஞ்சுடறான். நமக்குக் கை போச்சுன்னா ஆளே மறைஞ்சு போயிடறான்டா."

அப்போது அது எனக்கு வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது.

இங்கிலாந்தில் பல வருஷங்கள் மறக்கப்பட்டுக் கிடந்த கிராண்டல், 2021-இல் அங்கே மறுபடியும் புத்தகமாக வந்தான். தமிழிலோ அவன் மறைந்ததே இல்லை. மறுபதிப்பு மேல் மறுபதிப்பாக வந்துகொண்டே இருந்தான். இப்போது பலரும் அவனை இந்தக் காலத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றட்டும். அவன் தேசத்து நாயகனான டான் டேருக்கும் இது நடந்ததுதான். 1950-இல் ஃபிராங்க் ஹாம்ப்சன் படைத்த அந்த விண்வெளி வீரனை 1977-இல் அடையாளம் தெரியாதபடி மாற்றினார்கள். பழைய வாசகர்கள் முகம் சுளித்தார்கள். 2007-இல் கார்த் என்னிஸ் அவனுடைய பழைய குணத்தைத் திருப்பிக் கொடுத்து, வயது முதிர்ந்தவனாக எழுதினார். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கிறது.

மாயாவியைப் புதுப்பிக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பளபளக்கும் காகிதம் கொடுங்கள், வர்ணம் கொடுங்கள், கையில் புதுப்புது யந்திரங்களைக்கூடப் பொருத்துங்கள். ஆனால் அந்த விபத்தை மட்டும் அவசரமாக ஒரு பக்கத்தில் முடித்துவிடாதீர்கள். வேலை செய்த இடத்தில் கையைப் பறிகொடுத்தவன் அவன். வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை அவனுடைய உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்.