குடிப்பவர் கணக்கும் கேள்வித்தாள் கணக்கும்: சின்ன காஞ்சிபுரத்தை முன்வைத்து

சின்ன காஞ்சிபுரத்தில் யதோக்தகாரிப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கும் திருவெஃகாவைப் பெரும்பாணாற்றுப்படை பாடுகிறது என்பது உரைகாரர் கொள்கை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை வழிப்படுத்தும் அந்நூல், வழியில் கிடைக்கும் மதுவையும் காட்டுகிறது. ஓரிடத்தில் வீட்டிலேயே காய்ச்சிய தோப்பி. இன்னோரிடத்தில், அரிசியைக் கூழாகத் துழாவி ஆறவைத்து, முளைதானிய மாவு கலந்து, சாடியில் ஊறவைத்துப் பிழிந்தெடுத்த நறும்பிழி. யார் செய்தது, எப்படிச் செய்தது, யாருக்கு வார்த்தது என்பவையே அங்கு மதுவைப் பிரித்தறியும் அடையாளங்கள்.

ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற நாடகம் இன்னொரு திசையில் போகிறது. கதை நடப்பது இதே காஞ்சியில். காதலியின் பெயரை மாற்றி அழைத்துவிட்ட காபாலிகன் என்ற சைவத் துறவி, இனிக் குடிப்பதில்லை என்கிறான். தனக்காகத் தவத்தைக் கைவிட வேண்டாம் என்று அவள் தடுக்கிறாள். இருவருக்கும் கள்ளுக்கடை வேள்விச்சாலையாகவே தெரிகிறது. பௌத்தத் துறவி நாகசேனனோ, மதுவுக்கு அனுமதி தரும் மூல நூலை மூத்த பிக்குகள் ஒளித்துவைத்திருப்பார்கள் என்று சந்தேகிக்கிறான். நகைச்சுவை ஒருபுறம் இருக்கட்டும். மகேந்திரவர்மன் கண்ட ஒன்றை இன்றைய சுகாதார ஆய்வாளர்கள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை: குடிப்பவர் எதைக் குடித்தார் என்பதைவிட, அது ‘குடி’ என்ற கணக்கில் சேருமா என்பதையே முதலில் தீர்மானிக்கிறார். காபாலிகனிடம் போய் ‘நீ குடிப்பாயா’ என்று கேட்டால், தவம் செய்வதாகச் சொல்வான். அவன் பொய்யனல்லன்.

ஆய்வுகளில் சொல்லப்படும் மதுவின் அளவு, விற்பனைக் கணக்கைவிட மிகக் குறைவாக இருப்பது உலகெங்கும் தெரிந்த செய்தி. மறதி, வெட்கம், பொய் என்பவை வழக்கமான விளக்கங்கள். தமிழ்நாட்டில் அவற்றுக்கு முன்னால் வைக்க வேண்டிய காரணம், கேள்வித்தாளின் வகைகளும் குடிப்பவரின் வகைகளும் ஒட்டாமல் நிற்பது என்பதே என் வாதம்.

கேள்வித்தாளின் வகைகள் எங்கிருந்து வந்தன? உலக சுகாதார நிறுவனம் மதுவை பீர், ஒயின், ஸ்பிரிட், பிற என்று பிரிக்கிறது. இது ஐரோப்பியச் சாப்பாட்டு மேசையின் பிரிவு; நம் கள் ‘பிற’வில் போய் விழுகிறது. தேசிய மாதிரி ஆய்வின் நுகர்வுச் செலவுப் பட்டியலில் கள், நாட்டுச் சாராயம், பீர், அந்நிய மது என்று வரும். இது கலால் துறையின் பிரிவு. தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 முதல் தடை. 1991இல் நாட்டுச் சாராய வகையான மலிவுவிலை மதுவும் நிறுத்தப்பட்டது. ஆகவே பட்டியலின் முதல் இரண்டு கட்டங்களையும் நிரப்புபவர், விலையோடு சேர்த்து ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறார்.

குடிப்பவரின் கணக்கு வேறு. ‘ஹாட்டா, பீரா?’ என்பதுதான் அவருக்குப் பெரும்பிரிவு. பிராந்தி, ரம், விஸ்கி எல்லாம் ஹாட். உடம்புக்குச் சூடு, குளிர்ச்சி என்ற நம் பழைய வைத்தியப் பிரிவின் நிழல் இதில் இருக்கிறது: பீர் குளிர்ச்சி, ரம் சளிக்கு நல்லது. ‘குடிக்கிறதெல்லாம் இல்ல சார், எப்பவாச்சும் பீருதான்’ என்ற பதிலைக் காஞ்சிப் பக்கத்தில் கேட்காதவர் இருக்க முடியாது. ஆனால் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம். 650 மில்லி பாட்டிலில் அது சுமார் 41 கிராம். ஒரு குவார்ட்டரை இருவர் பங்குபோட்டுக் கட்டிங் அடித்தால் ஆளுக்கு 30 கிராம்தான். பீர்க்காரர் தன்னைக் குடிகாரர் பட்டியலிலிருந்து விலக்கிக்கொள்கிறார். கட்டிங்காரர் உள்ளே இருக்கிறார்.

எண்ணிக்கைதான் இதைவிடப் பெரிய சிக்கல். உலகெங்கும் பயன்படும் ஆடிட் கேள்வித்தாள் ‘குடிக்கும் நாளில் எத்தனை டிரிங்க்’ என்று கேட்கிறது. ஒரு டிரிங்க் என்பது அங்கே 10 கிராம் ஆல்கஹால். நம்மிடம் அப்படி ஒரு அளவே கிடையாது. இருப்பது குவார்ட்டர்: 180 மில்லி, 42.8 சதவீதம், கிட்டத்தட்ட 61 கிராம், அதாவது ஆறு டிரிங்க். தினமும் ஒரு குவார்ட்டர் குடிப்பவர் ‘ஒண்ணு’ என்கிறார். முதல் மூன்று கேள்விகளில் அவருக்கு விழ வேண்டிய மதிப்பெண் 10: எத்தனை நாள் என்பதற்கு 4, அளவுக்கு 2, ஒரே அமர்வில் ஆறோ அதற்கு மேலோ குடிப்பதற்கு 4. ‘ஒண்ணு’ என்ற பதிலை அப்படியே எழுதிக்கொண்டால் 4 தான் விழும். முழுக் கேள்வித்தாளுக்கும் அபாயத்தின் எல்லை 8. ஒரே சொல்லால் ஓர் ஆள் அபாயப் பட்டியலிலிருந்து நழுவிவிடலாம்.

உள்ளூர் அளவுகளுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி ஆடிட் கையேடே அறிவுறுத்துகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மாற்றத்தைப் பதில் சொல்பவர் தலையில் கட்டுவது தேவையற்றது. அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் 1983இல் தொடங்கி, 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையிலேயே வைத்திருக்கிறது. ஒரே விற்பனையாளர், ஒரே அளவுப் பாட்டில், ஏறத்தாழ ஒரே வீரியம். வீட்டு மேசையில் ஒயின் ஊற்றும் கை நீளும், குறுகும். மூடி திறக்காத குவார்ட்டர் நீளாது. கட்டிங், குவார்ட்டர், ஆஃப், ஃபுல் என்ற மொழி, விஞ்ஞானியின் ‘டிரிங்க்’கைவிடத் துல்லியமானது. குடிப்பவரை அவர் மொழியிலேயே சொல்லவிட்டு, கிராமாக மாற்றும் வேலையை ஆய்வாளர் அலுவலகத்தில் செய்துகொள்ளலாம்.

காலக் கணக்கிலும் இதே பிணக்கு. காஞ்சிப் பட்டு நெசவில் கூலி நாளுக்கல்ல, சேலைக்கு. சேலை அறுத்துக் கொடுத்தால்தான் பணம். கூலியை ஒட்டிக் குடிப்பவரிடம் ‘வழக்கமான நாள்’ பற்றிக் கேட்டால் என்ன சொல்வார்? புரட்டாசியில் பெருமாளுக்காகவும், கார்த்திகையில் மாலை போட்டும் குடியை விடுபவர்கள் ஏராளம். சின்ன காஞ்சிபுரத்தில் வரதர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ‘கடந்த 30 நாள்’ என்ற கேள்வியோடு அக்டோபர் நடுவில் போனால், ஊரே திருந்திவிட்டதாக எழுதிக்கொண்டு திரும்பலாம்.

பெண்கள் பக்கம் வந்தால் காபாலிகனின் தர்க்கம் முழுமையாக வெளிப்படுகிறது. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டு ஆண்களில் குடிப்பவர் 25.4 சதவீதம், பெண்களில் 0.3. வேறுபாடு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பிராந்தியும், தசமூலாரிஷ்டமும் எந்தக் கட்டத்தில் சேரும்? இரண்டும் மருந்து. அரிஷ்டங்களில் தானாக ஊறும் ஆல்கஹாலைச் சட்டமும் பொதுவாக மதுவாகப் பார்ப்பதில்லை. 1951இல் பல்சாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆல்கஹால் கலந்த மருந்துகளையும் வாசனைப் பொருள்களையும் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. நோக்கத்தைப் பார்த்து வகைபிரிக்கும் உரிமையை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்போது, ஒரு பாட்டி எடுத்துக்கொண்டால் அதை ‘குறைத்துச் சொல்லுதல்’ என்று பெயரிடுவது நியாயமல்ல. ‘குடிப்பீர்களா’ என்பதை விட்டுவிட்டு ‘வீட்டில் பிராந்தி எதற்கெல்லாம் எடுப்பீர்கள்’ என்று தொடங்கினால் பதில் வேறாக வரும்.

குவார்ட்டரை நம்பும் இந்த முறை ஓரிடத்தில் முற்றிலும் கைவிட்டுவிடும். 2023 மே மாதம் மதுராந்தகம் பக்கத்தில் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைப் பறித்தது. 2019 வரை அந்தப் பகுதி காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சாராயப் பாக்கெட்டுக்கு வீரியம் எழுதிய லேபிள் கிடையாது. ‘ரெண்டு பாக்கெட்’ என்ற பதிலை எந்தப் பெருக்கலாலும் கிராமாக்க முடியாது. அங்கே கேட்க வேண்டியது எவ்வளவு என்றல்ல, யாரிடம் வாங்கினீர்கள் என்று. அதற்கு, கேட்பவர் போலீஸ்காரர் அல்ல என்று பதில் சொல்பவர் முதலில் நம்பியாக வேண்டும்.