டிஜிட்டல் ரேடியோவும் நம் பள்ளத்தாக்கும்



ஹாம் ரேடியோ லைசென்ஸுக்குப் படிக்கும் உங்களில் இரண்டு மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: "சார், டிஜிட்டல் செட் வாங்கலாமா? விலை கட்டுப்படியாகுமா?" எதையும் வரலாற்றிலிருந்து தொடங்குவதுதான் என் பழக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரேடியோவில் டிஜிட்டல் நேற்று வந்ததல்ல. மோர்ஸ் தந்தியே ஒருவகை டிஜிட்டல்தான். சிக்னல் உண்டு, இல்லை என்று இரண்டே நிலைகள். தந்தி என்றாலே வீடு பதறிய காலம் உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும். 2013 ஜூலையில் அந்தச் சேவை நின்றது. ஹாம்கள் மட்டும் மோர்ஸை விடவில்லை. காரணம் செலவு. சில டிரான்சிஸ்டர்களைப் பற்றவைத்து வீட்டிலேயே டிரான்ஸ்மிட்டர் செய்யலாம். செய்தியைப் படிக்கும் கருவி நம் காது.

1980களில் பாக்கெட் ரேடியோ வந்தது. அதற்குக் கணினியும் வேண்டும், கணினிக்கும் ரேடியோவுக்கும் நடுவே தனிப் பெட்டியும் வேண்டும். 1998-இல் இங்கிலாந்தின் பீட்டர் மார்ட்டினெஸ் பிஎஸ்கே31 முறையைத் தந்தார். தனிப் பெட்டி தேவையில்லை, கணினியின் சவுண்ட் கார்டு போதும் என்றானது. 2017-இல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கியும் எஃப்டி8 முறையை வெளியிட்டார்கள். மென்பொருள் இலவசம். காதுக்கே கேட்காத சிக்னலையும் கணினி படித்துவிடும். ஆனால் ஒரு தடவையில் 13 எழுத்துக்கு மேல் சொந்தமாக எழுத முடியாது. அதில் கதை பேச முடியாது!

குரலை டிஜிட்டலாக்கும் முறைகள் வேறு பாதையில் போயின. ஜப்பானின் டி-ஸ்டார், ஐரோப்பாவின் டிஎம்ஆர், யேசு நிறுவனத்தின் ஃபியூஷன் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசாது. சாதாரண எஃப்எம் செட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எந்தக் கம்பெனி செட்டும் இன்னொன்றோடு பேசும். விலையும் குறைவு.

இனி நம் ஊரைப் பாருங்கள். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்கே வருசநாட்டு மலை. கையடக்க செட்டின் அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் போகும். மலை மறித்தால் நின்றுவிடும். டிஜிட்டல் என்பதற்காக அது மலையைத் துளைக்காது. சிக்னல் குறைந்தால் எஃப்எம்மில் இரைச்சலுக்கு நடுவே பாதி வார்த்தையாவது கேட்கும். டிஜிட்டலில் ஒரு கட்டத்துக்குப் பின் சுத்தமாக வாயடைத்துப்போகும். மலை உச்சியில் ரிப்பீட்டர் வைக்கலாம். இடம், அனுமதி, பேட்டரி, இடிதாங்கி எல்லாம் தனி ஒருவர் தாங்கும் செலவல்ல. இணையம் வழியே பேசலாம் என்றால், இணையம் போன அன்று அந்த வழியும் போச்சு. ரேடியோ தேவைப்படுவதே அன்றுதானே?

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, ஹாம் பயணமாக அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர் போர்ட் பிளேரிலிருந்து சிற்றலையில் செய்திகளை அனுப்பினார்கள். ரிப்பீட்டரும் வேண்டாத, இணையமும் வேண்டாத வழி அது.

நம் பள்ளத்தாக்குக்கும் சிற்றலைதான் ஏற்றது. 40 மீட்டர் அலைவரிசைக்கு மொத்தம் 20 மீட்டர் செம்புக் கம்பியைத் தாழ்வாகக் கட்டினால், பகலில் அலை செங்குத்தாக மேலே போய், வானில் பட்டுத் திரும்பி, மலைக்கு அந்தப்புறமும் விழும். கம்பெனி செட் விலை அதிகம்தான். அதற்கும் நம் நாட்டிலேயே வழி கண்டார்கள். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான், உள்ளூர்க் கடைகளில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே பிட்எக்ஸ் செட்டை வடிவமைத்தார். தண்ணீர்க் குழாய் வாஷரில் காயில் சுற்றிய செட் அது! அதை ஒரு கணினியோடு இணைத்தால் பிஎஸ்கே31 போன்ற டிஜிட்டல் முறைகளும் கைக்கு வரும்.

இந்த வரலாற்றில் நான் பார்ப்பது ஒன்றுதான். வீட்டில் ஏற்கெனவே இருப்பதை வைத்து ஓடிய முறைகள் சாதாரண ஆள் கைக்கும் வந்தன. தனிப் பெட்டி கேட்டவை காசுள்ளவர்களோடு நின்றன.

ஆகவே முதல் காசை ஆண்டெனாவுக்குச் செலவிடுங்கள். அடுத்து சிற்றலை செட். டிஜிட்டல் குரல் செட் கடைசியில். 12 வயது நிறைந்தாலே தேர்வு எழுதலாம், பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.