இருபத்தேழு சொற்களும் அவற்றின் உரைகளும்

ஒரு நூலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உரைகள் தோன்றுவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. பாடம் வேறுபடும், சொற்களைக் கொண்டுகூட்டும் முறை வேறுபடும், சில இடங்களில் பொருளே எதிர்த்திசைக்குத் திரும்பிவிடும். ஆயினும் அவ்வுரை வேறுபாட்டால் தெருவில் எவரும் உயிர்விட்டதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரேயொரு தொடருக்கு எழுந்த உரைகளின் வரலாறு அத்தகையதன்று.

1791 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த அந்நாட்டு அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தமே அத்தொடர். ஆங்கில மூலத்தில் அது 27 சொற்களால் ஆனது. நன்கு ஒழுங்கமைந்த குடிப்படை சுதந்திர அரசின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது ஆகலின், படைக்கலங்களை வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்கு உள்ள உரிமை மீறப்படலாகாது என்பது அதன் கருத்து. குடிப்படை என்றது ஊதியம் பெறும் நிலைப்படையை அன்று. உழவரும் வணிகரும் கைவினைஞரும் வேண்டும்போது கூடி நிற்கும் படையை.

இத்தொடரின் முற்பகுதி எச்சமாக நிற்க, பிற்பகுதி முற்றுவினை கொண்டு முடிகிறது. முற்பகுதியைக் காரணமாகக் கொண்டால், குடிப்படைக்காக மட்டுமே அவ்வுரிமை என்றாகும். அதனை வெறும் தோற்றுவாய் எனக் கொண்டால், குடிப்படை இருப்பினும் மறைந்தொழியினும் உரிமை தனிமனிதனிடம் நிற்கும். வரைவை 1789 ஜூன் மாதம் பேரவையில் முன்வைத்த ஜேம்ஸ் மாடிசன், உரிமையை முதலிலும் குடிப்படையைப் பின்னும் வைத்திருந்தார்; சமய நம்பிக்கையால் ஆயுதம் ஏந்த மறுப்போரைக் கட்டாயப்படுத்தலாகாது என்றும் சேர்த்திருந்தார். அவை விவாதித்து முடித்தபோது வரிசை மாறிற்று. சமயத்தார்க்கான விலக்கு நீங்கிற்று. பழைய படிகளில் காற்புள்ளிகளின் எண்ணிக்கைகூட ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் மூன்று உள்ளன, சிலவற்றில் ஒன்றுதான். சுவடிப் பதிப்பில் பாடபேதம் பார்த்துப் பழகியவர்க்கு இது வியப்பன்று. வழக்கறிஞர்கள் இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அக்காற்புள்ளிகளை எண்ணிக்கொண்டு நின்றதுதான் வியப்பு.

ஆனால் இலக்கணச் சிக்கலினும் பெரிய சிக்கல் ‘மக்கள்’ என்னும் ஒரு சொல்லில் உள்ளது. அச்சொல்லில் யார் யார் அடங்குவர் என்பதைத் தொடர் சொல்லவில்லை. 1792இல் இயற்றப்பட்ட குடிப்படைச் சட்டம் சொல்லிற்று. 18 வயதுக்கு மேல் 45 வயதுக்குட்பட்ட, உடல் வலிமையுள்ள, சுதந்திரமான வெள்ளை ஆண்குடிகள் ஒவ்வொருவரும் ஆறு மாதத்திற்குள் தம் செலவில் ஒரு நல்ல மஸ்கட் துப்பாக்கியும், முனைக்கத்தியும், இரண்டு மாற்றுச் சக்கிமுக்கிக் கற்களும், 24 தோட்டாக்களுக்குக் குறையாத பையும் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று உரிமை எனப் பேசப்படுவது அன்று வரி போன்றதொரு கடமையாகவும் இருந்தது. அடிமைகளுக்கும் பெண்களுக்கும் அக்கடமை இல்லை.

வைத்திருப்பது ஒன்று, எடுத்துக்கொண்டு நடமாடுவது மற்றொன்று. இரண்டாவதனைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் அண்மைக் காலத்தவை என்று எண்ணுவோர் பலர். கென்டக்கி, லூசியானா ஆகிய மாநிலங்கள் 1813இலேயே ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்வதைத் தடை செய்தன. கைத்தடிக்குள் வாளை ஒளித்து வைத்திருந்த ஒருவரின் வழக்கில் கென்டக்கி நீதிமன்றம் 1822இல் அத்தடையைச் செல்லாதென்றது. அம்மாநிலத்தார் 1850இல் தம் அரசியலமைப்பையே திருத்தி, மறைத்து எடுத்துச் செல்வதைத் தடுக்கும் அதிகாரத்தைச் சட்டமன்றத்துக்குத் தந்தனர். ஜார்ஜியா நீதிமன்றம் 1846இல் ஒரு நடுவழி கண்டது. மறைத்தலைத் தடுக்கலாம், வெளிப்படையாக ஏந்துவதைத் தடுக்கலாகாது. அக்காலத் தென்மாநில ஆடவரின் மான உணர்ச்சி இத்தீர்ப்பில் ஒளிர்கிறது. இடுப்பில் தெரியும் ஆயுதம் வீரனுக்கு உரியது. சட்டைக்குள் பதுங்கும் ஆயுதம் வஞ்சகனுக்கு உரியது. இன்று வழக்கம் ஏறத்தாழ தலைகீழாகிவிட்டது: பார்வையில் படாமல் வைத்துக்கொள்வதே நாகரிகம் எனத் துப்பாக்கி ஆர்வலரிற் பலர் கருதுகின்றனர்.

1857இல் ட்ரெட் ஸ்காட் என்னும் அடிமையின் வழக்கு உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. கறுப்பின மக்கள் குடிமக்கள் ஆகமாட்டார் என்று தலைமை நீதிபதி ராஜர் டானி தீர்ப்பளித்தார். அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று எண்ணிப் பார்க்கத் தக்கது. அவர்களைக் குடிமக்களென ஏற்றால், சென்றவிடமெல்லாம் ஆயுதம் ஏந்திச் செல்லும் உரிமையும் அவர்களுக்கு வந்துவிடுமே என்றார். குடிமகன் ஏந்திச் செல்லலாம் என்பது அவருக்கு ஐயமற்ற உண்மை. அதனாலேயே கறுப்பர் குடிமகன் ஆகலாகாது. காரணமும் முடிவும் இப்படி இடம் மாறி நிற்கும் தருக்கம் சட்ட வரலாற்றில் அரிது.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த அதே 1865ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலம், உரிமம் பெறாத கறுப்பின மக்கள் துப்பாக்கியோ, தோட்டாவோ, வேட்டைக் கத்தியோ வைத்திருத்தல் குற்றம் எனச் சட்டம் செய்தது. 1873 ஏப்ரல் 13, உயிர்த்த ஞாயிறு அன்று, லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் என்னும் சிற்றூரில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பின மக்களை ஆயுதமேந்திய வெள்ளையர் கூட்டம் தாக்கிற்று. சரணடைந்தவரும் கொல்லப்பட்டனர். குற்றவாளிகளெனக் காணப்பட்ட சிலரின் வழக்கில் உச்சநீதிமன்றம் 1876இல் அளித்த தீர்ப்பு, இரண்டாம் திருத்தம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்றது. மாநிலமோ, பக்கத்து வீட்டாரோ ஒருவனுடைய ஆயுதத்தைப் பறித்தால் அத்திருத்தம் துணைக்கு வாராது. கொலையாளிகள் வீடு திரும்பினர். அவ்வுரையே அடுத்து வந்த 134 ஆண்டுகள் நின்றது.

திரைப்படங்கள் காட்டும் மேற்கு மாநிலங்களைப் பற்றி இங்கே ஒரு சொல். கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரையேறி வந்த படங்கள்வரை அக்காட்சி நமக்கும் பழகியதே. உண்மையில் அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரம் 1881இல், ஊருக்குள் ஆயுதம் எடுத்து வருவதைத் தடைசெய்து ஆணை பிறப்பித்திருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 26 அன்று ஏறத்தாழ அரை நிமிடம் நீடித்து மூவரைப் பலிகொண்ட புகழ்பெற்ற மோதல், காவல் அதிகாரி விர்ஜில் ஏர்ப் அவ்வாணையை நிறைவேற்றச் சென்றதில் விளைந்தது. கட்டற்ற துப்பாக்கியின் காவியமாகப் பாடப்பெறும் நிகழ்ச்சிக்கு, துப்பாக்கியைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று பின்புலமாக இருந்தது!

தேசிய ரைபிள் சங்கம் 1871இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. வடமாநிலப் படைவீரர்க்குக் குறிபார்த்துச் சுடத் தெரியவில்லையே என்ற கவலையால் படை அதிகாரிகள் இருவர் நிறுவிய பயிற்சிச் சங்கம் அது. 1934இல் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு 200 டாலர் வரி விதிக்கும் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, சங்கத் தலைவர் கார்ல் ஃப்ரெடெரிக் பேரவைக் குழுவின்முன் சாட்சியம் அளித்தார். ஆயுதம் எடுத்துக்கொண்டு நடமாடும் பொது வழக்கத்தில் தமக்கு நம்பிக்கை இல்லை என்றும், உரிமத்தின்கீழ் அதனைக் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் அவர் கூறினார். 1939இல் அச்சட்டத்தை உச்சநீதிமன்றம் செல்லுபடியாக்கிற்று. குழல் குறுக்கிய துப்பாக்கிக்கும் குடிப்படைக்கும் தொடர்பு காட்டப்படவில்லை என்பது தீர்ப்பு. எதிர்த்தரப்புக்கு வாதாட ஒரு வழக்கறிஞரும் அன்று வரவில்லை. ஒருதலையாகக் கேட்டு எழுதிய அவ்வுரை எழுபது ஆண்டுக்காலம் அதிகாரம் பெற்று விளங்கிற்று.

1956 ஜனவரியில் அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் ஓர் இளம் பாதிரியாரின் வீட்டின்மீது வெடிகுண்டு வீசப்பட்டது. அவர் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் கோரி விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. அவர் மார்ட்டின் லூதர் கிங். உரிமம் வழங்குவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம் என்றிருந்த காலத்தில், அவ்விருப்பம் எவ்வண்ணம் இயங்கிற்று என்பதற்கு வேறு சான்று வேண்டா. கிங் பின்னர் ஆயுதமின்மையைத் தாமே தேர்ந்தார். அத்தேர்வு வேறு, மறுப்பு வேறு.

கலிபோர்னியாவில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தி நடப்பது 1967வரை குற்றமன்று. ஓக்லாந்து நகரின் ‘கருஞ்சிறுத்தைகள்’ கட்சியினர் அதனைப் பயன்படுத்தி, காவலர் கறுப்பின மக்களை நிறுத்திச் சோதிக்கும் இடங்களில் துப்பாக்கியுடன் நின்று கண்காணித்தனர். உடனே டான் மல்ஃபோர்டு என்னும் சட்டமன்ற உறுப்பினர் அதனைத் தடுக்க மசோதா கொண்டுவந்தார். அவ்வாண்டு மே 2 அன்று பாபி சீல் தலைமையில் ஆண்களும் பெண்களுமாக முப்பதின்மர் அளவில், பலர் துப்பாக்கிகளை ஏந்தியவராய், சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தனர். எவரும் சுடவில்லை. ஜூலையில் மசோதா சட்டமாயிற்று. கையொப்பமிட்ட ஆளுநர் ரொனால்டு ரீகன், குடிமகன் ஒருவன் தோட்டா நிரப்பிய ஆயுதத்துடன் தெருவில் நடக்கக் காரணம் எதுவும் தமக்குத் தெரியவில்லை என்றார். பின்னாளில் குடியரசுத் தலைவராகித் துப்பாக்கி உரிமையாளரின் அன்புக்குரிய தலைவராக விளங்கியவரும் அவரே. ஏந்திய கை எவருடையது என்பதைப் பொறுத்து உரை மாறிற்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அடுத்த பத்தாண்டில் சங்கமும் மாறிற்று. 1977 மே மாதம் சின்சினாட்டியில் கூடிய ஆண்டு மாநாட்டில், ஹார்லன் கார்ட்டரும் அவரைச் சார்ந்தோரும் விடிய விடிய வாக்கெடுப்பு நடத்திப் பழைய தலைமையை வீழ்த்தினர். வேட்டையும் குறிபார்த்தலும் பேசிய சங்கம் அதன்பின் அரசியலமைப்புப் பேசலாயிற்று. அதன் தலைமையகக் கூடத்தில் இரண்டாம் திருத்தத்தைப் பொறித்து வைத்தனர், பிற்பாதியை மட்டும். எச்சத்தை வெட்டிவிட்டு முற்றை மட்டும் மூலம் என்று காட்டிய பதிப்பு அது.

சட்டமும் விரைந்து மாறிற்று. ஃப்ளோரிடா 1987இல், குறித்த தகுதிகள் உள்ள எவர்க்கும் அதிகாரி உரிமம் வழங்கியே ஆக வேண்டும் என விதித்தது. பிற மாநிலங்கள் பின்பற்றின. வெர்மான்ட்டில் அத்தகைய உரிமமே என்றும் இருந்ததில்லை. 2003இல் அலாஸ்காவும் உரிமத்தைக் கைவிட்டது. 2024க்குள் உரிமமின்றி ஏந்திச் செல்ல ஒப்பிய மாநிலங்கள் 29 ஆயின.

ஆர்வலரின் வாழ்க்கையும் இவற்றோடு மாறிற்று. தந்தை மகனுக்கு முதல் ரைபிளை வாங்கித் தருவதும், இலையுதிர் காலத்து மான்வேட்டையும், பழைய துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெயிட்டுச் சேர்த்து வைப்பதும், காலித் தோட்டாக்களில் தாமே மருந்து நிரப்புவதும் அவர்கள் பொழுதுகளாக இருந்தன. நம் ஊரில் சேவற்கட்டுக்கும் மாட்டுக்கும் உயிரை விடுவோரைக் கண்டவர் இப்பற்றை ஏளனம் செய்யார். 1999இல் எடுத்த கருத்துக்கணிப்பில் துப்பாக்கி வைத்திருப்போருள் 49 விழுக்காட்டினர் வேட்டையை முதற்காரணமாகக் கூறினர்; தற்காப்பு என்றோர் 26 விழுக்காட்டினர். 2013இல் தற்காப்பு 48 ஆக உயர, வேட்டை 32 ஆகத் தாழ்ந்தது. பேச்சு காட்டைவிட்டு இடுப்புறைக்கு வந்தது. எந்த உறை உட்காரும்போது உறுத்தாது, எந்தச் சட்டையின்கீழ் புடைப்புத் தெரியாது என்பன ஆராய்ச்சிப் பொருள்களாயின. அச்சமே ஒரு கலையாக வளர்ந்த நிலை இது. அவ்வச்சம் வெளியிலிருந்து வரும் கள்வனை நோக்கியது. ஆனால் 2021இல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள்.

2008இல் உச்சநீதிமன்றம், ஐவர்க்கு நால்வர் என்ற கணக்கில், உரிமை தனிமனிதனுடையது எனத் தீர்த்தது. நீதிபதி ஸ்காலியா முற்பகுதியை முன்னுரை என்றும் பிற்பகுதியைச் செயற்பகுதி என்றும் பிரித்தார். நீதிபதி ஸ்டீவன்ஸ் அதே 18ஆம் நூற்றாண்டுச் சான்றுகளைக்கொண்டு முற்பகுதியே திறவுகோல் என்றார். 2010இல் அவ்வுரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தலாயிற்று. 2022இல், தக்க காரணம் காட்டினால்தான் உரிமம் என்ற நியூயார்க் சட்டம் வீழ்ந்தது. அத்தீர்ப்பை எழுதிய கறுப்பின நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், குடிமகன் பொதுவிடத்தில் ஆயுதம் ஏந்தலாம் என்பதற்குச் சான்றாக டானியின் 1857ஆம் ஆண்டுச் சொற்களையே எடுத்தாண்டார். இழிவுபடுத்த எழுதிய வரி 165 ஆண்டுகளுக்குப் பின் உரிமைக்குச் சான்றாகிவிட்டது. ஏழைகளுக்காக வாதாடும் நியூயார்க்கின் கறுப்பின வழக்கறிஞர் சிலரும் அச்சட்டம் வீழவேண்டும் என்றே அவ்வழக்கில் மனுச் செய்திருந்தனர். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்ததாகச் சிறை செல்வோர் பெரும்பாலும் தம் இனத்தவரே என்பது அவர்கள் காட்டிய காரணம். இது முற்போக்காளர் பலர் எதிர்பாராத குரல். எளிதில் ஒதுக்கிவிடக் கூடியதும் அன்று.

மினசோட்டா மாநிலத்தில் 2016 ஜூலை 6 அன்று கறுப்பினத்தவர் ஒருவரின் வண்டியைக் காவலர் நிறுத்தினார். துப்பாக்கி எடுத்துச் செல்ல அவர் உரிமம் பெற்றிருந்தார். தம்மிடம் துப்பாக்கி இருப்பதைக் காவலரிடம் தாமே பணிவுடன் கூறினார். காவலர் ஏழு முறை சுட்டார். பின்னிருக்கையில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று இருந்தது. இறந்தவரின் உரிமையைப் பற்றித் தேசிய ரைபிள் சங்கம் முதலில் வெளியிட்ட அறிக்கையில் அவர் பெயர் இல்லை. சுட்ட காவலரை 2017 ஜூனில் நடுவர் குழு விடுவித்தது.